செத்ததாக நான் எழுதிய நாற்பத்தொன்றாம் எண்

"எண் 41. அடீனியம், ஒட்டுச் செடி, அடுக்குப் பூ, இளஞ்சிவப்பு. அனுப்பியது மே 29, வியாழன். ஊர் திண்டுக்கல். வாங்க மறுத்துவிட்டார். திரும்பி வந்தது ஜூன் 12, வியாழன், காலை 11.20. செத்தது."

இது என் பதிவேட்டில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு போல்ட் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் தேதி, நேரம், எண் எழுதியாக வேண்டும். ஓய்வுக்குப் பிறகு மாங்காட்டு வீட்டு மொட்டைமாடியில் அடீனியம் வளர்த்து இணையத்தில் விற்கத் தொடங்கியபோது அந்தப் பழக்கமும் கூடவே மாடியேறி வந்தது. காலியான குளிர்பானக் கேனை வெட்டித் தகடாக்கி, ஆணியால் எண்ணைக் குத்தி, மெல்லிய செம்புக் கம்பியால் ஒவ்வொரு செடியின் அடியிலும் கட்டிவிடுவேன்.

அடீனியம் பாலைவனத்துச் செடி. அடியில் குண்டாக ஒரு கிழங்கு இருக்கும், தண்ணீரெல்லாம் அதற்குள். மண்ணை உதறி, இலையைக் கிள்ளி, செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும். கிழங்கு அமுங்கினால் தாகம், அமுங்கி நாறினால் அழுகல். இது எனக்குப் புத்தகத்திலிருந்தே தெரியும். அந்தப் பத்தியை அடிக்கோடிட்டு, படித்த தேதியையும் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

நான் விற்கும் தளத்தில் பார்சல் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். வசதி வாங்குபவர்களுக்கு. ஆர்டர் போடுவார்கள், கொரியர்காரர் வாசலில் நிற்கும்போது போனை எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் "நாங்க ஊர்லயே இல்லைங்க" என்பார்கள். "யாரோ தெரியாம அமுக்கிட்டாங்க" என்பார்கள். ஒருவர் "செடியா? நான் செருப்புன்னு நெனச்சேன்" என்றார். பெட்டி வந்த வழியே திரும்பி வரும். ஒரு வருடத்தில் பதினோரு பெட்டிகள் அப்படி வந்தன. பதினொன்றுக்கும் எதிரே "செத்தது" என்று எழுதியிருக்கிறேன்.

பணம் கொடுத்து வாங்கியவர்களில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினார்: "காசு வாங்கிக்கிட்டு காய்ஞ்ச குச்சி அனுப்பியிருக்காங்க. யாரும் ஏமாறாதீங்க." இலையைக் கிள்ளித்தான் அனுப்ப வேண்டும் என்பதை விளக்கி, அதற்குக் கீழே ஒன்பது குறிப்புகளாகப் பதில் எழுதினேன். ஆறாவது குறிப்பில் அவர் அனுப்பிய படத்திலேயே கிழங்கில் துளிர் தெரிவதைச் சுட்டிக்காட்டினேன். அதைப் படித்தவர்கள் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஒருவர் மட்டும் "வாத்தியாருங்களா?" என்று கேட்டிருந்தார். அதற்கும் "இல்லை" என்று பதில் போட்டேன்.

இத்தனையையும் நான் தாங்கியிருப்பேன். உலகத்தில் வாங்குபவர்கள் அப்படித்தான் என்று விட்டிருப்பேன். ஆனால் என் மச்சானுக்கு ஒருவர்கூட அப்படி வாய்க்கவில்லை.

மச்சான் என் மனைவியின் தம்பி. சென்னீர்குப்பத்தில் லோடு ஆட்டோ வைத்துத் தண்ணீர் கேன் போடுகிறான். என்னிடமிருந்து பன்னிரண்டு கன்றுகளை வாங்கிப் போய், அதே தளத்தில் அவனும் கடை திறந்தான். சிவப்பு, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு எல்லாமே அவனுக்கு "ரோஸ் கலர்" ஒன்றுதான். என்றைக்கு ஒட்டுப் போட்டான் என்று கேட்டால் "போன மழைக்கு" என்பான். அவனுக்கு ஐந்து நட்சத்திரம். தளத்தில் அடீனியம் என்று தேடினால் அவன் செடி முதலில் நிற்கும். விரல் ஓயும்வரை தள்ளினால் நான் வருவேன்.

காலையில் பேப்பரைப் பிரிக்கும் முன் அவன் பக்கத்தைத்தான் திறப்பேன். "வந்த வாரமே மொட்டு." "அண்ணன் பாக்கிங் சூப்பர்." அவனைப் பற்றி வந்த பாராட்டுகளை என் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் தேதியோடு எடுத்து எழுதிவைத்தேன். எதற்கு என்று கேட்டால் அப்போது பதில் இருந்திருக்காது. இப்போது சொல்லிவிடுகிறேன்: பொறாமை. அதே தாய்ச்செடி, அதே தளம், அதே கொரியர். அப்படியானால் எனக்கு வருகிறவர்கள் மோசமானவர்களா, இல்லை என்னிடம்தான் ஏதாவது கோளாறா? முதலாவதுதான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒற்றை நட்சத்திரத்தை அவனே ஆள் வைத்துப் போட்டிருப்பானோ என்றுகூட இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை காலை. அவன் பக்கத்தில் புதிதாக ஒரு பாராட்டு, படத்தோடு. அடுக்கடுக்காக இளஞ்சிவப்புப் பூ. "இவ்ளோ அழகா பூக்கும்னு நெனக்கல." ஊர், திண்டுக்கல். படத்தில் செடியின் அடியில் ஏதோ பளபளத்தது. விரலால் பெரிதாக்கினேன். தகடு. ஆணியால் குத்திய புள்ளிகள். நாற்பத்தொன்று.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாற்பத்தொண்ணு எங்கே?"

"எந்த நாற்பத்தொண்ணு?"

"ஜூன் பன்னிரண்டாம் தேதி திரும்பி வந்த பெட்டி."

"தூக்கிப் போடுன்னு சொன்னீங்க. தம்பி கேன் போட வந்தான், அவன்கிட்ட குடுத்துட்டேன்."

"செத்த செடியையா குடுத்தே?"

"செத்துச்சுன்னு யாரு பாத்தா? ஒட்டின டேப் ஒட்டினபடியே இருந்துச்சு. பெட்டியை வாங்கினீங்க, நோட்டை எடுத்தீங்க, எழுதினீங்க."

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நேரமும் "செத்தது" என்ற சொல்லும் ஒரே மையில், பேனாவை எடுக்காமல் எழுதியிருந்தது. கொரியர்காரர் படியிறங்கி முடிப்பதற்குள் எழுதியிருப்பேன்.

"எத்தனை பெட்டி குடுத்திருக்கே?"

"நீங்க எழுதினதெல்லாம்" என்றாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் ஞாயிறு. ஆடி மாதத்துக் கூட்டம் எங்கள் ஊர் அம்மன் கோயிலைப் பார்க்க எதிரே வந்துகொண்டிருந்தது. கரையான்சாவடியைத் தாண்டவே என் ஸ்கூட்டருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. வழி நெடுகச் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

மச்சான் மாடியில் இருந்தான். துணிக்கொடியில் லுங்கிக்கும் துண்டுக்கும் நடுவே நான்கு அடீனியங்கள் தலைகீழாகத் தொங்கின. நான்கிலும் என் தகடு.

"இன்னா மாமா, ஊட்ட வுட்டு இவ்ளோ தூரம் வந்துகீறே? பேஷண்ட பாக்கவா? பாரு பாரு, எல்லாம் உன் ஆளுங்கதான். உன் நோட்ல செத்துட்டு என் கொடில தொங்கினுகீறாங்கோ."

"இப்படித் தொங்கவிடணும்னு யார் சொன்னது?"

"எவன் சொல்றான்? மொத பொட்டிய பிரிச்சேன், வைக்க எடமில்ல, வெங்காயம் கணக்கா கட்டி வுட்டேன். மறந்தே பூட்டேன். எட்டு நாள் கயிச்சு துணி எடுக்க வந்தா எல கீது."

வாட்டம் கண்ட அடீனியத்தை நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்பதும் நான் அடிக்கோடிட்ட பக்கத்தில்தான் இருக்கிறது. அவன் அந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூடக் கிடையாது. என் வயிறு எரிந்த எரிச்சலில் கொடித் துணி காய்ந்திருக்கும்.

"தகட்டை ஏன் கழட்டலை?"

"சோக்கா கீது மாமா. இன்னா நம்பர் இதுன்னு கேக்கறாங்கோ. லக்கி நம்பருன்றேன்."

"டேய், அந்த அஞ்சு நட்சத்திரம் என் செடிக்கு வந்தது."

"இட்டுகினு போ மாமா. கயட்டி உன் சட்டைல குத்திக்கோ" என்று என் பாக்கெட்டைத் தட்டினான். பிறகு என்ன தோன்றியதோ, "ஆமா, செடி அனுப்பறதுக்கு முன்னாடி நீ அவங்களுக்கு இன்னா எய்தி அனுப்புவே? காட்டு" என்றான்.

போனைக் கொடுத்தேன். எல்லாருக்கும் ஒரே செய்திதான், பதினான்கு வரி. அவன் சத்தமாகப் படித்தான்.

"'இதற்கு முன் பதினோரு பேர் ஆர்டர் செய்துவிட்டு வாங்க மறுத்துள்ளனர். தாங்கள் அவ்வாறு செய்யமாட்டீர்கள் என நம்புகிறேன்.' மாமா! செடி அனுப்பறியா, சம்மன் அனுப்பறியா? இத படிச்சா நானே பொட்டிய வாங்கமாட்டேன், கதவ சாத்திப்பேன்."

"நீ என்ன எழுதுவே?"

"'அக்கா, உங்க செடி கெளம்பிட்டா.' அவ்ளோதான்."

கீழே அவன் மனைவி யாருக்கோ கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கேட்க வந்தது எல்லாம் போய், ஒன்று மட்டும் மிஞ்சியது.

"அந்தத் திண்டுக்கல் ஆர்டர் யாரு?"

"ஒரு அக்கா."

"பேரு? விலாசம்?"

"அனுப்சதும் அயிச்சுடுவேன் மாமா. போன்ல எடமில்ல."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். தளத்தில் பாராட்டியவரின் பெயருக்கு முதல் எழுத்து மட்டும்தான் தெரியும், மீதி புள்ளிகள். எனக்கு நாற்பத்தொன்றைத் திருப்பி அனுப்பியவருக்கும் அதே முதல் எழுத்து. அதே ஊர். இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் எனக்கு ஒரு மோசமான ஆள் வாய்த்தார், கதை முடிந்தது. ஒரே ஆள் என்றால், அந்த அம்மாளுக்கு வேண்டாமல் போனது செடி இல்லை.

ஸ்டோரில் ஒரு விதி உண்டு. தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே திருத்தி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அப்படியே செய்தேன். "செத்தது" என்பதை அடித்து, "ஆகஸ்ட் 9 அன்று உயிருடன், பூவோடு" என்று எழுதினேன். மற்ற பத்தில் நான்கை மட்டுமே அப்படித் திருத்த முடிந்தது. அவை அவன் கொடியில் தொங்குவதை என் கண்ணால் பார்த்தேன். மீதி எங்கெங்கே பூக்கின்றன என்று அவனுக்கே தெரியாது.

ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை, ஐம்பத்து மூன்றாம் எண் திரும்பி வந்தது. இந்த முறை முதலில் டேப்பை வெட்டினேன். கிழங்கு அமுங்கியது, நாற்றம் இல்லை. கொடியில் தலைகீழாகத் தொங்கவிட மனைவியிடம் துணிக் கிளிப் கேட்டேன். இரண்டு கொடுத்தாள். "சென்னீர்குப்பத்துக்கு வேண்டாமா?" என்று கேட்காமல் விட்டதற்கு அவளுக்கு நன்றி. அன்று காலையிலும் மச்சானின் பக்கத்தில் புதிதாக இரண்டு பாராட்டுகள். எடுத்து எழுதிக்கொண்டேன்.

பதினான்கு வரிச் செய்தியில் அந்தப் பதினோரு பேர் வரியையும் அதற்கு அடுத்த வரியையும் மட்டும் எடுத்திருக்கிறேன். பன்னிரண்டு வரி மிஞ்சுகிறது.

நாற்பத்தொன்றாம் எண்ணின் குறிப்புக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: "மறுத்தவரும் பாராட்டியவரும் ஒருவரே என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை." மறுத்தவரின் போன் எண் அதே பக்கத்தில், இரண்டு விரற்கடை மேலே இருக்கிறது. இதை எழுதும் இன்றுவரை கூப்பிடவில்லை.