தண்ணி போய் சோடா வந்த கதை

1. முதல் நாள்

பதினைந்து வருஷம் தண்ணி அடித்தவள் நான். உடனே முகம் சுளிக்க வேண்டாம். ஹாலோ பிளாக் பட்டறையில் கியூரிங்குக்குத் தண்ணி அடிக்கிற வேலை. அச்சிலிருந்து எடுத்த சிமெண்ட் கல்லைக் காலையும் மாலையும் ஓஸ் பைப்பைப் பிடித்து நனைக்க வேண்டும். இல்லையென்றால் கல் வெடித்துவிடும். தருமபுரி வெயிலில் போர்வெல் வறண்டதும் பட்டறையை மூடிவிட்டார்கள். அதனால்தான் இந்தப் புதுக் கம்பெனிக்கு வந்தேன்.

இங்கே ஓஸ் பைப்பே இல்லை. கல்லைப் பெரிய இரும்பு அறைக்குள் அடுக்கி, கதவை இறுக்கி, கார்பன் டை ஆக்சைடு கேஸை உள்ளே விடுவார்கள். சிமெண்ட் அதைக் குடித்து ஒரே நாளில் இறுகிவிடும். கேஸ் வருவது எத்தனால் ஆலையிலிருந்து. கரும்புப்பாகு புளிக்கும்போது வானத்துக்கு விட்டுக்கொண்டிருந்ததைப் பிடித்து டேங்கரில் அனுப்புகிறார்கள். அடுத்த கரும்பு காற்றிலிருந்து அதே கேஸை இழுத்துத்தான் வளரும், அதனால் தீர்ந்து போகாத சரக்கு. வீணாய்ப் போனதைக் கல்லுக்குள் பூட்டி வைக்கிற நல்ல தொழில். அதை நான் கிண்டல் செய்யமாட்டேன். கிண்டல் எல்லாம் எங்கள் எம்.டி.க்கே சேரும்.

2. பெயர் சூட்டு விழா

கேஸ் கம்பெனி என்று கேள்விப்பட்டதும் ஊரே கேட்டுக்கு முன்னால் கூடிவிட்டது. எம்.டி. இரண்டு பெட்டி சோடா வரவழைத்து ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்.

"இதுல இருக்கற அதே கேஸுதாங்க. குடிச்சா என்னா ஆவுது? ஏப்பம் வருது. அவ்ளோதான்."

ஊரும் ஏப்பம் விட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து ஆபீஸ் முதல் லோடுமேன் வரை எல்லார் வாயிலும் அது சோடா கேஸ்.

எங்களுக்கு டிரெயினிங் கொடுத்த இன்ஜினியர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "இது காத்தவிட கனம்மா. தரையோட தரையாப் படுத்துக் கெடக்கும். அரை மணி நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடணும், கேஸ் அளக்கற மீட்டர்ல ரீடிங் பாக்கணும், அப்பறம்தான் உள்ள கால் வெக்கணும். மறந்தா ஏப்பம் வராது, உசுருதான் போவும்."

3. விருந்தாளிகள்

பெங்களூரிலிருந்து பணம் போடுகிறவர்கள் ஆறு பேர் வந்தார்கள். எம்.டி. ஒரு திட்டம் வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் மாதம்மாள் வாசலில் சூடம் காட்ட வேண்டும். பிறகு உள்ளே போய், அடி வரிசையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து விருந்தாளி கையில் கொடுக்க வேண்டும். மாதம்மாள் எங்களோடு கல் அடுக்குகிறவள். புருஷன் இல்லை. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

மீட்டர் சர்வீஸுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த ஒரே காவல் ஃபேன்தான். அதைப் போட்டு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, எம்.டி. நிறுத்தச் சொன்னார்.

"சத்தத்துல என் ஸ்பீச் கேக்க மாட்டேங்குது."

"ஃபேன் ஓடாம கதவைத் தொறக்கக் கூடாதுங்க சார்," என்றேன்.

"சோடா கேஸுக்குப் போயி இவ்ளோ பயமா, செசீலியம்மா?"

ஸ்பீச்சில் பூமித்தாய் ஏழெட்டுத் தடவை வந்து போனாள். பிறகு கதவைத் திறந்தார்கள். மாதம்மாள் தட்டை மூன்று சுற்று சுற்றிவிட்டு, நிலைப்படியில் வைக்கக் குனிந்தாள். தட்டு கீழே இறங்கியதும் சூடம் பொசுக்கென்று அணைந்தது. காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. புதுச் சூடம் வைத்து ஏற்றினாள். படிக்குப் போனதும் அதுவும் அணைந்தது.

எம்.டி. முகம் கறுத்துவிட்டது. "யாரு இவள நிக்க வெச்சது?" நிற்க வைத்ததே அவர்தான். "ராசி இல்லாதவ கையில தட்டைக் குடுத்தா இப்பிடித்தான். போயி கல்ல எடுத்துட்டு வா. நாளைல இருந்து வேலைக்கு வர வேணாம்."

மாதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தோ எடுத்தாறேங்க சார்," என்று படியில் கால் வைத்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுங்கக்கா, வேலை போயிரும்."

"போனா வேற வேலை பாத்துக்கலாம்டி. நில்லு."

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். நான் மெழுகுவத்தி ஏற்றுகிற கோயில்காரி, சூடத்தின் சகுனம் எனக்குத் தெரியாது. ஆனால் தீ ஏன் அணையும் என்று தெரியும். தட்டை எடுத்து எம்.டி.யிடம் நீட்டினேன்.

"அவளுக்குத்தான ராசி இல்ல? உங்களுக்கு இருக்குதுங்களே. நீங்க காட்டுங்க சார்."

ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க முடியாமல் கோட்டோடு குனிந்தார். சூடம் அணைந்தது. இன்னொன்று ஏற்றினார். அதுவும் அணைந்தது.

"இப்ப யாருக்குங்க சார் ராசி இல்ல?"

தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ராசியும் இல்ல கீசியும் இல்லீங்க. கீழ பூரா உங்க சோடாதான் நிக்குது. சூடத்தையே மூச்சு முட்ட வெச்சது, குனிஞ்சு கல்லெடுக்கறவள வுட்டுருமா? ஏப்பம்தான் வரும்னா, மொதல்ல நீங்க போயி ஒரு கல்லு எடுத்தாங்க."

அவர் போகவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து, ஃபேனைப் போடச் சொன்னார். விருந்தாளிக்கு ஸ்டாக்கிலிருந்த பழைய கல்லைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். விருந்தாளிகளில் ஒருவர் எல்லாமே நிகழ்ச்சியில் உள்ளது என்று நினைத்துக் கை தட்டினார்.

4. சூடமும் மீட்டரும்

மாதம்மாளை மறுநாள் வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஸ்டோரில் ஒரு பெட்டி சூடம் வந்து இறங்கியது. கம்பெனி நோட்டீஸில் 'பாரம்பரிய முறையில் பாதுகாப்புப் பரிசோதனை' என்று அச்சடித்திருந்தார்கள். இனிமேல் மீட்டர் எதற்கு என்று எம்.டி. கேட்டார்.

சூடம் அணைந்தால் உள்ளே போகக் கூடாது. சரி. எரிந்தால் போகலாம் என்று யார் சொன்னது? தீ எரிகிற காற்றிலும் ஆள் மயங்கி விழலாம். மீட்டர் வரும்வரை நாங்கள் ஒன்பது பெண்களும் கதவைத் தொடவில்லை, புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நாலாம் நாள் மீட்டர் வந்தது. கதவில் சிவப்புப் பெயிண்டில் 'இது சோடா இல்லை' என்று எழுதினேன். மாதம்மாள் டப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆபத்துக்குச் செல்லப்பெயர் வைக்கிறவரை முதலில் உள்ளே போகச் சொல்லுங்கள். அவர் போகவில்லையென்றால் நீங்களும் போகாதீர்கள்.