லோடு

முப்பதைத் தாண்டியவன் கடையில் நின்று பீங்கான் கோப்பையின் அடியை நக்கினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கும் அறிவு எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. நேற்றும் நக்கினேன், மெருகு படாத அடிப்பாகம் நாக்கில் ஒட்டிக்கொண்டது, கடைக்காரப் பெண் இரண்டடி பின்வாங்கினாள்.

அந்த மண் ருசியோடு, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் அப்பா வேலை பார்த்த பீங்கான் கொட்டகை வந்து நின்றது. இப்போது அங்கே கல்யாண மண்டபம். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் லோடு என்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக் காலம் தள்ளினார்கள். லாரியில் வரும் களிமண்ணும் லோடு, சூளைக்குள் அடுக்குவதும் லோடு, கரண்டு போனால் லோடு தாங்கவில்லை, மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால் "லோடு ஏத்துடா" என்று எனக்கும் ஒரு கவளம். சுடாத பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கித் தோளில் சுமந்து வரும்போதும் "லோடு, லோடு" என்று கத்துவார்கள். முழங்கை பட்டாலே பொம்மை நொறுங்கிவிடும் என்பதால் முதலாளிகூடச் சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

மண்தூசு நெஞ்சை அடைத்து, இருமி இருமியே அப்பா செத்தபோது நான் ஐந்தாவது படித்தேன். பாடையைத் தூக்கியதும், அப்பாவோடு பலகை சுமந்த செல்வம் மாமா பழக்கதோஷத்தில் "லோடு!" என்று கத்த, தெருவே சுவரோரம் ஒதுங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அவரிடமே கேட்டேன்.

"ஏன் மாமா அப்படிக் கத்துனீங்க?"

"ஒங்கப்பன் ஒடஞ்சிடக் கூடாதுல்ல."