குமிழ மரக் கால்

மூணாறு மலையில் ஒரு தேயிலை பாக்டரியில் நான் பெட்டி அடிக்கிற வேலை பார்த்தேன். பலகையை அளந்து அறுத்து, மூலைக்கு மூலை ஆணி அறைந்து, தேயிலை நிரப்பி அனுப்பும் பெட்டியாக்க வேண்டும். அந்தப் பெட்டிகள் எந்தக் கடலைத் தாண்டி யார் வீட்டுக்குப் போயின என்று எனக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ, வேலை முடிந்து வந்ததும் கழிவுப் பலகையில் முக்காலி, அகப்பை, பிள்ளைகளுக்கு நடைவண்டி என்று எதையாவது செய்து, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பேன். நான் செய்த முக்காலியில் ஒருவர் உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்தால் என் வயிறு நிறைந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரன் என் கூட்டாளி. சங்கரன்கோயில் பக்கம் அவனுக்கு ஊர். தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்க வந்த ஒரே கங்காணியின் ஆட்களாகச் சேர்ந்து மலையேறியவர்கள் நாங்கள். உறவில்லை என்றாலும் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் பெண்டாட்டி எனக்குத் தங்கச்சி. புதுக்காடு வெட்டும்போது மரம் சாய்ந்து அவன் வலது கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தங்கச்சி கொழுந்து கிள்ளிக் கொண்டுவருவதில்தான் அந்த வீடு நடந்தது. அவன் வாசற்படியே கதி என்று உட்கார்ந்திருந்தான். ஓடைக்குக் குளிக்கப் போனாலும் மாரியம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போனாலும் நான் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு போவேன். நல்ல வாய்க்காரன். முதுகில் இருந்தபடியே எதிரே வருகிறவர்களைக் கேலி பேசிக்கொண்டு வருவான். ஊருக்குப் போய்விட்டு வாயேன் என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் மாறிவிடும். நாலு பேர் தூக்கிவர ஊருக்குள் நுழைய மாட்டேன் என்பான்.

ஒரு மழைக்காலத்தில், அவனுக்கு மரத்தில் கால் செய்தால் என்ன என்று தோன்றியது. முதலில் பலாவில் செய்தேன். கட்டிக்கொண்டு எழுந்தவன், அம்மிக்கல்லைக் கட்டினாற்போல இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். தேடி அலைந்து குமிழ மரம் கொண்டுவந்தேன். இலேசான மரம், வெடிக்காது. முழங்கால் பொருந்துகிற மாதிரி குழி குடைந்து, உள்ளே பழைய கம்பளியைப் பதித்தேன். அதுவும் உராய்ந்து புண்ணாக்கியது. நான் குடைவேன், அவன் போட்டுப் பார்த்து இங்கே கடிக்கிறது என்பான், மறுபடி குடைவேன். பாக்டரியில் பொறுப்பாக இருந்த டீமேக்கரிடம் மெஷினுக்கு ஆகாத தோல் பெல்ட்டைக் கேட்டு வாங்கி, இடுப்போடு பிடித்துக்கொள்ள வார் தைத்தேன். அடியில் இரும்புப் பூண் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கம்பை ஊன்றிக்கொண்டு தன் வாசலிலிருந்து லயத்தின் கடைசி வீடு வரைக்கும் நடந்தான். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெரியவர்களும் பிள்ளைகளும் அந்தக் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு இருந்த சந்தோஷம் பிறகு நான் செய்த எதிலும் எனக்கு வரவில்லை.

அவனுக்கும் பெட்டி அடிக்கிற இடத்தில் வேலை கேட்டு வைத்திருந்தேன். டீமேக்கரும் சரி என்று சொல்லியிருந்தார். காலையில் சங்கு ஊதியதும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே பாக்டரிக்கு நடப்போம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லப் போனபோது அவன் வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரோடு போய்விடப் போவதாகச் சொன்னான்.

"இங்கனயே இரு மாப்ள," என்றேன். "ஒக்காந்து பாக்கிற வேலதான்."

அவன் வாரைச் சரிசெய்துகொண்டான்.

"கால் இல்லாதப்போ நீ தூக்கிட்டுப் போன எடத்துக்கெல்லாம் வந்தேன். இனி நானா நடந்து போற எடம் ஒண்ணு வேணும்லா."

என் முதுகு அவனுக்குக் கனத்திருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தேயிலை ஏற்றிப்போகிற மாட்டுவண்டியில் மலை விளிம்பு வரை கூடப் போனேன். அங்கிருந்து போடிப் பக்கம் இறங்குகிற பாதை செங்குத்தானது. அந்த இறக்கத்துக்கு மட்டும் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். தங்கச்சி மூட்டையோடு பின்னால் போக, அவன் கம்பை ஊன்றி ஊன்றி இறங்கினான். வளைவில் மறைகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை. பாதையில் கண் வைக்க வேண்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்னால் வேறொருவர் அந்த வீட்டுக்குக் குடிவந்தார். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார்.

அடுத்த வருஷம் புது ஆட்களோடு தங்கச்சியின் தம்பி மலைக்கு வந்தான். அவன் சொல்லித்தான் தெரிந்தது: கூட்டாளி ஊரில் வெற்றிலைக் கடை போட்டிருக்கிறான், ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோயில் வரை நடந்தே போய்வந்தான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது தேஞ்சு போச்சு அண்ணாச்சி. எங்கூரு ஆசாரி புதுசு செஞ்சு குடுத்துட்டாரு. பழசவிட எலகுவா இருக்குன்னு மச்சான் சொன்னாரு."

பழைய காலை என்ன செய்தான் என்று கேட்டேன்; அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. நடக்கிறான், அதுதானே வேண்டியது. புதுக் கால் வந்ததற்கு நான் வருத்தப்பட்டிருக்கக் கூடாது. ஆனாலும் அன்று முழுக்க மனம் வேலையில் நிற்கவில்லை.

கூட்டாளி எனக்கென்று ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டி கொடுத்தனுப்பியிருந்தான். என் வீட்டுக்காரி அதைத் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தாள். அந்தப் பையனையும் உட்காரவைத்துக் குடித்தோம். நல்ல கருப்பட்டி.