எல்லாருக்கும் ஒரே லிஸ்ட்

இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் சாய்ஸை லாக் பண்ண இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருக்கு. பாஸ்வேர்டு தெரிஞ்சவன் குற்றாலம் மெயினருவிக்குக் கீழே தலையைக் காட்டிக்கிட்டு நிக்கான். பிரவுசிங் சென்டர் வேலைன்னா இதுதான். ப்ளஸ் டூ முடிச்ச கையோடு தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சென்டரில் சேர்ந்தேன். என்கூடப் படிச்சவங்களை ஒவ்வொருத்தரா ஊரை விட்டு அனுப்புறதுதான் வேலை. அடுத்தவனுக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொடுத்து மாட்டிக்கிட்டவங்க யாராவது இருந்தா வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

குளிக்கப் போன பாஸ்வேர்டு

அருவிக்குப் போனவன் செல்லத்துரை, என் வகுப்பு. அவன் அம்மா இலத்தூரிலிருந்து வந்து, நான்தான் அவனைக் குளிக்க அனுப்பின மாதிரி என்னையே முறைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒருவழியா ஈரத் தலையோடு வந்தான். வந்தவன் பாஸ்வேர்டைச் சொல்லாமல் நெளியுதான்.

எங்க வகுப்பில் ஒரு பழக்கம்: உயிர் நண்பன் பேரில்தான் பாஸ்வேர்டு வைக்கணும். இவன் அந்தப் பேருக்கு முன்னால் ஒரு 'மை', பின்னால் ஒரு 'ஃபாரெவர்' வேற சேர்த்திருந்தான். ஒவ்வொரு எழுத்தா அவன் சொல்ல, நான் அடிக்க, சென்டர் முழுக்கக் கேட்டது. அக்கவுன்ட் திறந்ததும் குனிஞ்சு என் காதில் கேட்டான்: "ஏலே, இதை மாத்த முடியுமா? அவனும் நானும் பேசி ரெண்டு வாரம் ஆச்சு."

ஒரே பெஞ்சு

எங்க வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து வந்தாங்க. முத்துச்செல்விக்குப் போட்ட அதே லிஸ்டை, ஒரு வரி மாறாமல், மத்த மூணு பேருக்கும் போடணுமாம். அப்போதான் நாலு பேருக்கும் ஒரே காலேஜ் கிடைக்குமாம். ரேங்க் வேற வேற, இது பஸ் ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிற காரியம் இல்லன்னு சொல்லிப் பார்த்தேன். உனக்குப் பொறாமைன்னு பதில் வந்தது. போட்டுக் கொடுத்தேன்.

சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலின்னு ஆளுக்கு ஒரு ஊர் கிடைச்சது. பகையாளிகளைக்கூட அவ்வளவு தூரம் பிரிச்சு உட்கார வைக்க மாட்டாங்க. நாலு பேரும் அழுத முகத்தோடு திரும்பி வந்தப்போ முத்துச்செல்விதான் பேசினாள்: "ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பாரேன், நாங்க ஆறாம் வகுப்புலேருந்து ஒரே பெஞ்சுன்னு."

ஒரு அப்பாவின் ஆசை

இவர் ஆலங்குளத்து ஏட்டு. மகன் பக்கத்திலேயே தலையைக் குனிஞ்சு நின்னான். எந்தக் காலேஜைச் சொன்னாலும், அது நல்லதா கெட்டதான்னு அவர் கேட்கல. இவன் செட்டில் யாரெல்லாம் அதைப் போட்டிருக்காங்கன்னு விசாரிச்சார், ஸ்டேஷனில் விசாரிக்கிற மாதிரியே. அந்த செட்டில் நானும் உண்டு. சொல்லிக்கல. கடைசியில் அவரே முடிவைச் சொன்னார்: "தம்பி, இவனைத் தெரிஞ்ச ஒரு பய இல்லாத காலேஜா பாத்துப் போடு."

காஜா

ஏழு வருஷமா என் பக்கத்து இடம் காஜாவுக்குத்தான். அவன் அத்தா சவுதியில் இருக்கார். அவனுக்கு நல்ல ரேங்க், முதல் ரவுண்டு. எனக்கு மூணாவது ரவுண்டு; என் லட்சணம் அதிலேயே தெரியும். ரெண்டு பேரும் திருநெல்வேலியில் ஒரே காலேஜ், தினமும் ஒரே ரயிலில் போயிட்டு வரணும்னு பத்தாம் வகுப்பில் பேசி வச்சது.

அவன் ரேங்குக்குக் கோயம்புத்தூரில் பெரிய காலேஜே கிடைக்கும். அதை எட்டாவதா போடச் சொன்னான். முதல் இடத்தில், எனக்கும் கிடைக்கிற தரத்தில் ஒரு திருநெல்வேலி காலேஜ். போட்டேன். "லாக் பண்ணுலே"ன்னான். பின்னால் கூட்டம் நிக்கு. வந்தவங்க சொன்னதை அடி, உன் யோசனையை அடிக்காதேன்னு ஓனர் அண்ணாச்சியும் சத்தம் போட்டார். எனக்கும் அமுக்க ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். அமுக்கல. கீபோர்டையும் மவுஸையும் அவன் பக்கம் நகர்த்தி, நீயே அமுக்கு, நாலு வருஷம் கழிச்சு என்னைத் திட்டாதேன்னேன்.

என் கணக்கு வேற. கொஞ்சம் முறைப்பான், ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லுவான், அப்புறம் அமுக்கிருவான். நானும் நல்லவன் ஆயிருவேன், அவனும் எங்கேயும் போக மாட்டான். அவன் ஸ்கிரீனைப் பார்த்தான். மவுஸைப் பிடிச்சான். கோயம்புத்தூரை எட்டிலிருந்து ஒண்ணுக்கு இழுத்தான். ஓடிபி அடிச்சு லாக் பண்ணினான். மொத்தம் பத்து செகண்ட் ஆகியிருக்காது. ரொம்ப நாளா யாராவது சொல்ல மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தவனோட வேகம் அது.

பையை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போனான். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்துச் சொன்னான்: "உன் ரவுண்டு வரும்போது கடைசியில கோயம்புத்தூர் ஒண்ணு போட்டு வைலே. கெடைச்சா பாப்போம்."

என் ரவுண்டு போன வாரம் வந்தது. ஊருக்கெல்லாம் நூறு வரி அடிச்சுக் கொடுத்த எனக்கு அந்த ஒரு வரியைச் சேர்க்க அஞ்சு செகண்ட்தான் ஆகியிருக்கும், சேர்க்கல.