மழைக்கு முன்பு பறித்த முந்திரிகை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதலில் படத்தைத்தான் பார்ப்பீர்கள். படத்தில் தம்பி கோட்டுப் போட்டு நிற்கிறார். அது தம்பியுடைய கோட்டு அல்ல, என் மகனுடையது. ஒரு கலியாண வீட்டுக்கு இரவல் வாங்கிப் போட்டு, சாப்பாடு முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டார். ரப்பர் சப்பாத்தும் ஓட்டைத் தொப்பியுமாக நிற்கும் படங்கள்தான் வீட்டில் நிறைய இருந்தன. "உந்தக் கோலத்தில படம் போட்டா சனம் என்ன சொல்லும்?" என்று தம்பியின் மனைவி, என் மச்சாள், கேட்டார். அதனால் கடைசிப் படத்திலும் இரவல் கோட்டு.

நான் தம்பியின் ஒரே அக்கா. எனக்கு எழுத்து அவ்வளவு வராது. நான் சொல்லச் சொல்ல மகன் எழுத்துத் தமிழாக்கி எழுதினார். "அம்மா, நினைவு மலரில பகிடி விடக்கூடாது" என்றார். தம்பியைப் பற்றிக் கேலி பகிடி இல்லாமல் பேச எனக்குத் தெரியாது. அவர் பிறந்த அன்றே தொடங்கிய பழக்கம். முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மா, கிழவன் மாதிரி இருக்கிறான்?" என்று கேட்டேனாம். கிழவனாகும் வயது வரைகூட அவர் இருக்கவில்லை. இந்தச் சுவிஸ் நாட்டில் பஸ்ஸுக்கு நின்றாலும் முன்னால் வந்தவர்தான் முன்னால் ஏற வேண்டும். தம்பிக்கு அந்த ஒழுங்கு கடைசி வரை பிடிபடவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர் என்னைத் தள்ளிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

தம்பி பிறந்தது யாழ்ப்பாணத்தில் உரும்பிராய். எங்கள் தகப்பனை ஐயா என்போம். ஐயாவுக்கு அங்கே முந்திரிகைப் பந்தல் இருந்தது. திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்வோம். பந்தலுக்கு மருந்து அடிக்கும்போது ஐயா மூக்கைச் சால்வையால் கட்டிக்கொள்வார், அதுவும் ஞாபகம் வந்தால். ஒரு மாரியில் இருமத் தொடங்கியவர் இருமியபடியே போய்விட்டார். டொக்டர் நெஞ்சில் சளி என்றார். தம்பி, சின்னப் பெடியன், "மருந்துதான்" என்றார். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சால்வையை அம்மா எத்தனை தரம் தோய்த்தும் மணம் போகவில்லை என்பது தெரியும்.

நாட்டுப் பிரச்சினையில் வீடு சிதறியது. தம்பி சுவிசுக்கு வந்து, அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஷாஃப்ஹவுசனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்த உணவகத்துக்கு வைன் கொண்டு வரும் தோட்டக்காரப் பெண், மதாம் என்போம், ஓர் இலையுதிர் காலத்தில் பழம் பறிக்க ஆள் கேட்டார். தம்பி போனார். போனவர் திரும்பிக் கோப்பைக்கு வரவேயில்லை.

மதாம் பிரான்சுக்காரர். அங்கே அவருடைய தகப்பனுக்கு ஒரு சின்ன முந்திரிகைத் தோட்டம். தாய், தகப்பன், பிள்ளைகள், ஒரு கிழட்டுக் குதிரை, இவ்வளவு பேரும்தான் வேலையாட்கள். அங்கே நச்சு மருந்து என்ற பேச்சே இல்லை. சுவிஸ்காரரைக் கட்டி இங்கே வந்த பிறகு புருஷன் வீட்டு வழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. அவர்கள் கலண்டரைப் பார்த்து மருந்து அடிப்பவர்கள். தம்பியும் முகமூடி கட்டிக்கொண்டு அடித்தார். அந்த நாட்களில் வேலை முடிந்து வந்தால் சோறு இறங்காது.

தம்பி வைன் தோட்டத்தில் நிற்கிறார் என்பது சொந்தங்களுக்கு இனிக்கவில்லை. ஊஸ்டரில் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் மகனைப் பெரியண்ணை என்போம். அவர் ஒரு நாள் என் வீட்டில் வைத்தே கேட்டார்.

"என்னடா, சைவப் பெடியன் சாராயம் வடிக்கிறியாம்?"

"வடிக்கேல்லை அண்ணை. பழம் தானாத்தான் மாறுது. நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன், அவ்வளவுதான்."

"எல்லாக் குடிகாரனும் உப்பிடித்தான் சொல்லுறான்."

தம்பி ஒரு சொட்டும் குடித்ததில்லை. பீப்பாவில் இருந்து எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, பக்கத்து வாளிக்குள் துப்புவார். "துப்பிறதுக்குச் சம்பளம் தாற நாடு இது ஒண்டுதான்ரா" என்பேன். "விழுங்கினா வேலை போயிடும் அக்கா" என்பார்.

மதாமின் கணவர் காலமான பிறகு, மதாம் தம்பியைப் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் தகப்பன் வீட்டுத் தோட்டத்தைக் காட்டினார். அங்கே இப்போது அவருடைய சகோதரன் குடும்பம் அதே மாதிரித்தான் செய்கிறது. திரும்பி வந்த தம்பி சப்பாத்தைக் கழற்றாமலே என் குசினிக்குள் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"அக்கா, அங்க வரிசைக்கு நடுவில புல்லு, பூ, கோழி எல்லாம் நிக்குது. நல்லா மூச்சை இழுத்துப் பாத்தன். ஒண்டும் மணக்கேல்லை!"

ஒன்றும் மணக்கவில்லை என்று ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை அன்றுதான் கண்டேன். மதாமுக்குப் பிள்ளைகள் இல்லை. மேட்டுத் தோட்டத்தைத் தம்பிக்குக் குத்தகைக்குக் கொடுத்து, "என் அப்பா செய்த மாதிரிச் செய்" என்றார்.

அதற்குப் பிறகு பட்ட பாடு பெரிது. முதல் வருடம் பாதிப் பழம் பூஞ்சணத்தோடு போனது. குதிரைவால் என்று ஒரு புல், அதை அவித்த தண்ணீரைத் தெளித்தால் இலைக்கு நல்லதாம். தம்பி மச்சாளின் பெரிய கிடாரத்தை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டார். "பொங்கலுக்குச் சோறு காய்ச்சிற கிடாரத்தில மனுசன் புல்லுக் காய்ச்சுது!" என்று மச்சாள் எனக்கு டெலிபோனில் அழுதார். ஆடை எடுத்த பாலைத் தண்ணீரில் கலந்து இலைகளுக்குத் தெளித்த நாளில் நானும் நின்றேன். "பிள்ளையாருக்கு ஊத்தப் பாலில்லை எண்டுவாய், செடிக்கு அபிஷேகமோ?" என்று கேட்டேன். "பிள்ளையாருக்குப் பூஞ்சணம் பிடிக்காது அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

இந்த வருடப் பழம்தான் முதன்முதலாக, நச்சு மருந்து படாதது என்று காட்டும் பியோ முத்திரையோடும் தம்பியின் பெயரோடும் போத்தலில் போக இருந்தது. இடையில் ஒருமுறை நச்சு மருந்து பட்டாலும் போதும், எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். இந்த வருடம் பார்த்து வயிற்றில் கட்டி என்று சொல்லி, தம்பியை வின்டர்தூர் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். இந்த வருடம் பார்த்து மழையும் விடவில்லை.

நான் போகும் நேரமெல்லாம் ஒரே கேள்வி.

"அக்கா, வெளியில மழையோ?"

"இல்லையடா. நல்ல வெயில்."

"அப்ப உன்ரை குடை ஏன் ஒழுகுது?"

சாகப் போகிற மனிதரிடம் பொய் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும்.

பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல மனிதர். "ஒருமுறை மருந்து அடித்து விடட்டுமா? எல்லாம் தப்பும்" என்று கேட்டார். மச்சாள் தடுமாறிப் போனார். இலைகள் பழுப்பாகிக்கொண்டு வந்தன. ஒரு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டே விட்டார்.

"ஒருக்கா அடிப்பமே? நீங்கள் எழும்பி வந்து திரும்பத் தொடங்கலாம்தானே."

தம்பி சொன்னார். "எழும்பி வந்தா நானே பாப்பன். வராட்டி உதுதான் நான் வளத்த கடைசிப் பழம். ஐயாவின்ரை சால்வை மாதிரி அதை மணக்க விட்டிடாதை."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. தம்பியின் மகள், என் மருமகள், பல் வைத்தியரிடம் வேலை செய்யும் பிள்ளை. விடிய எழும்பிக் கிடாரத்தில் புல்லை அவித்து, முதுகில் கலனைக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறித் தெளித்துவிட்டு வேலைக்குப் போனார். பிறந்து வளர்ந்தது இங்கே. தமிழில் ஒரு வசனம் சொல்ல மூன்று தரம் மூச்செடுப்பார். ஆனால் தகப்பன் சொன்னது அவருக்கு விளங்கியது.

புரட்டாசியில் தம்பி போனார். அதற்கு முதல் நாள் என் கையைப் பிடித்து, "அக்கா, பழம் இனிச்சிட்டுதோ?" என்று கேட்டார். "உன்னை விட இனிப்பு" என்றேன். சிரித்தார். அது பொய் இல்லை.

இந்த நாட்டில் எங்கள் ஊர் மாதிரி அன்றைக்கே எரிக்க முடியாது. கனடாவில் இருந்து சொந்தங்களும் வர வேண்டும். இறுதிக் கிரியை ஒரு வாரம் தள்ளி, அடுத்த கிழமை என்று முடிவானது. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சனம் வந்து வந்து இருந்தது. மதாமும் வந்து நிலத்தில் குந்தி அழுதார். அழுது முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மருமகள் அதைத் தமிழில் சொன்னதன் கருத்து இது: சனிக்கிழமை பெருமழை வருகிறது. மருந்து அடித்த தோட்டக்காரர் இன்னும் பொறுப்பார்கள். எங்கள் பழம் பொறுக்காது. தோல் வெடித்து ஒரே நாளில் அழுகிவிடும். நாளைக்குப் பறிக்க வேண்டும்.

பெரியண்ணைதான் வாய் திறந்தார்.

"உடல் இன்னும் எரியேல்லை. அடுப்பு மூட்டாத வீட்டில அறுவடையோ? துடக்கு, தீட்டு எல்லாம் கழியட்டும்."

"துடக்கு எங்களுக்குத்தான் அண்ணை" என்றேன். "முந்திரிகை அவனுக்கு என்ன முறை? மச்சானோ, மாமனோ, குந்தியிருந்து துடக்குக் காக்க?"

"எடி, சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இங்க என்ன செய்யிறம்? தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு ஆளின்ரை முகத்தை ஆள் பாக்கிறம். அதை அங்க போய் நிண்டு செய்வம்."

பெரியண்ணை எழும்பி வெளியே போய்விட்டார். நான் வாயை அடக்கியிருக்கலாம் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி போனதில் இருந்து ஒரு வார்த்தை பேசாத மச்சாள் சுவரைப் பிடித்து எழும்பினார். "கத்தரிக்கோல் எங்க இருக்குப் பிள்ளை?" என்று மகளைக் கேட்டார். அதோடு முடிந்தது.

மறுநாள் செத்த வீட்டுக்கு வந்த சனம் முழுக்க மேட்டில் நின்றது. வின்டர்தூர்க்காரர், ஷாஃப்ஹவுசன்காரர், ஆள் மாறி ஆள் சொல்லி வந்தவர்கள், எல்லோரும் கறுப்பு உடுப்போடு. நடைபயணம் போன வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் ஒரு பிழை விட்டார்கள். ஒன்றையும் வீணாக்காத பழக்கம். அழுகல் பழத்தையும் "பாவம்" என்று வாளிக்குள் போட்டுவிட்டார்கள். மதாம் வாளிகளை அப்படியே கவிழ்த்துக் கொட்டினார். பிறகு ஒவ்வொரு குலையாக எடுத்து, அழுகலை விரலால் கிள்ளி எறிந்து, நல்லதை மட்டும் போட்டோம். ஒரு மாமி வரிசைக்குள் நின்று தம்பியைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டே பறித்தார். "என்ன பாட்டு?" என்று மதாம் கேட்டார். "பாட்டில்லை. அப்பாவோட கதைக்கிறா" என்றார் மருமகள்.

மத்தியானம் பெரியண்ணை வந்து கீழே நின்றார். பார்க்க மட்டும் வந்தாராம். கொஞ்ச நேரத்தில், "காம்பை உப்பிடியே வெட்டுறது?" என்று என் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பறித்தார். இருட்டும் வரை திருப்பித் தரவில்லை. கடைசிப் பெட்டி கொட்டிலுக்குள் போன பிறகுதான் முதல் துளி விழுந்தது. நல்ல வருடத்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. ஆனால் மோந்து பார்த்தேன். பழம் மட்டும்தான் மணத்தது.

இனி நன்றி சொல்ல வேண்டும். தம்பியைத் தங்கள் பிள்ளை போலப் பார்த்த ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறும் கறியும் கொண்டு வந்த அயலவர்களுக்கும், பெட்டிகளை ஏற்ற உழவு இயந்திரம் தந்த பக்கத்துத் தோட்டக்காரருக்கும், இந்தக் கிழமையும் மருமகளோடு நின்று பீப்பாவைக் கவனிக்கும் மதாமுக்கும், என்னோடு இன்னும் கோபமாக இருக்கும் பெரியண்ணைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மிச்சம் உள்ள உங்களுக்கு நன்றி சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இறுதிக் கிரியை அன்று மண்டபத்தில் நீங்கள் வரிசையாக வந்து தம்பிக்கு வாய்க்கரிசி போட்டீர்கள். நான் தலைமாட்டில் நின்றேன். அரிசி போட்ட கைகள் எல்லாம் கருநீலக் கறை. தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று ஒருவர் வெட்கத்தோடு கையை மறைத்தார். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தம்பியின் கை அப்படித்தான் இருக்கும். கோயிலுக்குப் போனால் சால்வைக்குள் மறைப்பார். ஆஸ்பத்திரியில் கிடந்து கிடந்து இந்த வருடம் அவர் கை மட்டும்தான் வெளுத்திருந்தது.

தம்பி போய் இன்று முப்பத்தோராம் நாள். இந்த மலரை உங்களுக்கு நானே தருவேன். தரும்போது உங்கள் கைகளைப் பார்ப்பேன். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் கறை இருந்தால், தயவுசெய்து கழுவ அவசரப்படாதீர்கள்.

அக்கா