மட்டைச் சுவருக்குத் தண்ணி

ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டு முன் ஹோலை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் மணப்பெண் அலங்காரம் செய்ய ஓர் அறை வைக்க வேண்டும் என்பது என் மூன்று வருட ஆசை. என் மனுசன் மேசன். ஊரில் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர். என் சுவர் மட்டும் “நாளைக்குப் பாப்பம்” என்ற சொல்லிலேயே நின்றது. பொறுத்துப் பார்த்தேன். பிறகு வவுனியாவிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, ஜிப்சம் பலகையால் ஒரே நாளில் மறைப்பு அடிப்பித்துவிட்டேன்.

மனுசன் வேலையால் வந்து பார்த்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“வெறும் காகித மட்டை,” என்றார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

சோளகக் காற்று தொடங்கியதும் கதவு படார் படார் என்று அடித்தது. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில், என் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே, ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு விழுந்தது. அடுத்த வியாழக்கிழமை ஜெயபுரத்திலிருந்து என் முதல் மணப்பெண் வரவிருந்தாள். வெடித்த சுவருக்கு முன்னால் இருத்தினால் அபசகுனம் என்று எழும்பிப் போய்விடுவார்கள். முதல் பெண்ணே எழும்பிப் போனால் இரண்டாவது பெண் எங்கேயிருந்து வருவாள்? திறக்கமுன்னமே பூட்டவேண்டியதுதான்.

மனுசனிடம் கேட்பேனா? செத்தாலும் மாட்டேன். கைபேசியில் வீடியோ பார்த்து, வெடிப்பைக் கத்தியால் கொஞ்சம் அகலமாக்கி, தூசி தட்டி, வலை மாதிரியான ஒட்டுநாடாவை ஒட்டி, அதன்மேல் பட்டி பூசினேன். முகத்துக்குப் பூசிப் பழகிய கைதானே; சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது. காய்ந்ததும் தேய்த்துப் பெயின்ற் அடித்தால் சரி. தூசி படாமல் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டேன்.

மறுநாள் சேலைக்குப் பின்னால் கையை விட்டுத் தொட்டால் ஈரம். மூன்றாம் நாளும் ஈரம், நாலாம் நாளும் ஈரம். ஆளையே காய வைக்கிற காற்றடிக்கிறது, இது காயவில்லை! கள்ளப் பட்டி விற்றுவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன். புதன்கிழமை காலை சேலையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். ஐயோ! தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரிப் பலகை ஊதிப்போய் நின்றது.

“இஞ்சேருங்கோ! ஓடி வாங்கோ!”

மனுசன் வந்தார். பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“நான்தான்... விடிய வெள்ளன எழும்பித் தண்ணி அடிச்சனான்.”

“என்னது? எத்தினை நாளாய் இந்தப் பழக்கம்?”

“சீ, சுவருக்கப்பா! புதுப் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணி அடிக்கோணும். இல்லாட்டித் திரும்ப வெடிக்கும். உமக்கு உது தெரியாதெண்டு நான்தான் வேலைக்குப் போக முந்தி ஒவ்வொரு நாளும் அடிச்சனான். நிலத்தையும் துடைச்சுப்போட்டுத்தான் போனனான்.”

“அது சீமெந்துக்கு! இது மட்டை!” என்று கத்தினேன்.

என் வாயாலேயே வந்துவிட்டது. அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. தனக்குப் பிடிக்காத சுவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் ஊற்றிய மனுசனை என்னதான் செய்வது? பாசமாகவும் இருந்தது, நாலு கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது.

“ஊதினதெல்லாம் இனிப் பழுது,” என்று அவர் அந்தப் பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்தார். வவுனியாவுக்குப் போய்ப் புதுப் பலகை வாங்க நேரமில்லை. விளிம்புக்கு மரச்சட்டம் அடித்து, ஓட்டைக்குத் திரைச்சீலை போட்டோம். நான் அன்று சாப்பிடவேயில்லை.

வியாழன் காலை பெண் வந்தாள். தாயில்லாத பிள்ளை. கூட வந்த தகப்பன், பெண்கள் அறைக்குள் வரக் கூச்சப்பட்டு, சுவருக்கு மற்றப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். வந்த நேரம் தொட்டுப் பெண்ணுக்கு அழுகை. நான் மை பூச, அது கன்னத்தில் ஓட, மூன்று தரம் துடைத்தேன்.

“அன்ரி, எனக்கு ஏலாது. நான் வீட்ட போறன்,” என்று எழும்பிவிட்டாள்.

அப்போது திரைச்சீலை அசைந்தது. ஓட்டைக்குள்ளால் ஒரு கை வந்தது. வயல் வேலையில் காய்த்துப்போன கை.

“அப்பா இஞ்சதான் இருக்கிறன், பிள்ளை. நீ இரு.”

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு விடவேயில்லை. மற்றக் கைக்கு வளையல் போட்டேன், மை பூசினேன், பூ வைத்தேன். முடிந்தது என்று சொன்னதும் அவர் கேட்டார்:

“தங்கச்சி, பிள்ளையை ஒருக்கா இந்தப் பக்கம் திருப்பி விடுங்கோ.”

திருப்பினேன். திரையை விலக்கி அவர் ஓட்டைக்குள்ளால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“காணும்,” என்றார். “எனக்கு இது போதும், பிள்ளை.”

அதற்குப் பிறகு இன்னொரு தரம் மை பூச வேண்டியிருந்தது, அவளுக்கும் எனக்கும்.