பேரப்பிள்ளையின் பாரம்

எங்கள் பேரப்பிள்ளை பிறந்த இடம் ஜேர்மனியின் வுப்பர்டால். மறைந்த இடமும் அதுவே. மறைவு பிறப்புக்கு முந்திவிட்டது. யாழ்ப்பாணத்துச் சனம் போருக்கு அஞ்சி வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த அந்த மழைக்காலத்தில், மாதம் நிறைந்திருக்கையில், அவர் தாயின் வயிற்றிலேயே அடங்கிவிட்டார்.

அவருடைய குணங்களை நான் பிறர் சொல்லித்தான் அறிவேன். வானொலியில் பாட்டுப் போனால் உதைப்பாராம். அந்த உதையைக் கைவைத்து அறிந்தவர்கள் மூவர்: மருமகள், மகன், சம்பந்தியம்மா. மாமனார் கைவைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி அவரைக் குளிப்பாட்டி, கம்பளித் தொப்பி போட்டுக் கொடுத்தார். மருத்துவச்சியோடு சேர்த்து ஐந்து பேர் பிள்ளையை ஏந்தினார்கள். ஐந்தாமவர் சம்பந்தியம்மாவின் இளைய மகன். நான் எல்லோருடைய குளிர்ச்சட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே இருந்தேன். இறந்து பிறந்த பிள்ளையை ஊரில் மூத்தவர்கள் பார்ப்பதில்லை என்று மரியாதை கருதி மகன் என்னைக் கூப்பிடவில்லை.

"நீங்கள் பார்க்க மாட்டியள் எண்டு நினைச்சன் அப்பா."

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்," என்றேன்.

ஆகையால் மயானத்தில் ஊழியர் வெள்ளைப் பெட்டியைத் தூக்க வந்தபோது நான் முந்திக்கொண்டேன். குழிவரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

"மாமா, வழுக்குது. கொஞ்சத் தூரம் நான் கொண்டுவாறன்," என்றார் சம்பந்தியம்மாவின் மகன்.

"நீர் அங்க தூக்கினனீர்தானே."

பக்கத்தில் நடந்த சம்பந்தியம்மா சொன்னார்: "கனக்குதோ அண்ணை? அது பலகையின்ர பாரம். பிள்ளை அவ்வளவு பாரமில்லை."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வயிறெரிந்தது. பலகையைக் கழித்துப் பிள்ளையின் பாரம் எவ்வளவென்று அவருக்குத் தெரியும். தூக்கிச் சென்ற எனக்குத் தெரியாது. அதன்பின் ஒரு வருடமாக அவரோடு நான் முகங்கொடுத்துப் பேசவில்லை.

சென்ற வாரம் இந்த ஓராண்டு நினைவு மலருக்கு எழுதும்படி மகன் கேட்டார். "எனக்கு என்ன தெரியும்? மாமியைக் கேள். அவதான் தூக்கினவ," என்றேன்.

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற சம்பந்தியம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அவர் ஒரு துவாயை விரித்து அரிசியைக் கொட்டிச் சுற்றினார். தூக்கிப் பார்த்தார். அவிழ்த்து ஒரு கை அரிசியை எடுத்தார். மறுபடி தூக்கினார்; கொஞ்சம் திரும்பப் போட்டார்.

"இவ்வளவுதான் அண்ணை. இருங்கோ. கையை மடியுங்கோ. இது தலைப்பக்கம்."

வாசலில் நின்ற மருமகள் வந்து பார்த்தார். "தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ மாமா," என்றார்.

பிடித்தேன். எவரும் அதைத் திருப்பித் தரும்படி கேட்கவில்லை.

பிள்ளையைக் குளிப்பாட்டி உடுத்திய மருத்துவச்சிக்கும், பெட்டியை என்னிடம் விட்டுத்தந்த மயான ஊழியருக்கும், அந்த நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சம்பந்தியம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டியவன் நான். அவருடைய கைகள்மேல் எனக்குள்ள பொறாமை இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது என் பேரப்பிள்ளையின் பாரம் எனக்கும் தெரியும்.

அப்பப்பா (தந்தையின் தந்தை)